கடைசிக் காட்சியில் வைத்தியர் இல்லை

அன்புள்ள மகனுக்கு,

உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் யோசனை மேல்தான் சந்தேகம். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு இதைப் படி. இல்லாவிட்டால் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதையும் நம்ப மாட்டார் என்று உன் மனைவி கவிதாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாய். எதையும் நம்ப மாட்டேன் என்பது உண்மைதான். பால்காரர் ஊற்றும் பாலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மூணாறு ஜீப்பில் ஏறினால் டிரைவரிடம் வேண்டுமென்றே மணி கேட்டு, பதிலோடு வாடை ஏதும் வருகிறதா என்று கவனிப்பேன். இதற்காக உன் அம்மா என்னைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பாமல், பாலக்காட்டுக்கு வருகிற பக்கத்து லைன் வீட்டுத் தங்கராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்து கிழிந்திருந்தால் எனக்குச் சொல்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனில் பேச ஆரம்பித்தால் நான் தலையாட்டிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு அப்படி ஒரு வாய். ஒரு விஷயத்தை எடுத்து, துடைத்து, மடித்து, இந்தாங்க என்று கையில் கொடுப்பாய். வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். போன வாரம் உன் தங்கை சித்ராவிடம் நீ பேசியதும் அப்படித்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தபடி முழுவதையும் கேட்டேன். நீ பேசி முடித்ததும் உன் அம்மா பெருமூச்சு விட்டு, "பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் இது சரியில்லை என்று பட்டது.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். சித்ரா குமுளியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே தன் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் இருக்கிறார். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்பம் வரை போய் நாலு பேரிடம் விசாரித்தேன், ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எந்த பஸ்ஸில் ஏறினாள், எத்தனை மணிக்கு இறங்கினாள், பக்கத்து சீட்டில் யார் என்று ஒவ்வொன்றையும் கேட்கிறார். கேட்டுவிட்டு, பதில் சரிதானா என்று வேறு ஆளிடம் கேட்கிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மிளகுக் கடையில் மறைந்து நின்று அவள் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். கடைசியாக லேப் முதலாளிக்கே போன் போட்டு, இவள் நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்று கேட்டுவிட்டார். மறுநாள் லேபில் எல்லோரும் அவளை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் இவள் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள்.

நான் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். அவர் பெண்டாட்டியை இழுத்துப் பார்க்கிறார். அவர் செய்வது எனக்குப் புரிகிறது, புரிவதால்தான் பயமாக இருக்கிறது.

இதற்கு நீ சொன்ன யோசனை என்ன? வரும் ஞாயிற்றுக்கிழமை சித்ரா திரும்பிப் போக வேண்டும். அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சு வலி, அடிமாலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பதற்றத்தில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன், போன் எடுக்கவும் நேரமில்லை என்று சொல்ல வேண்டும். லேபுக்குப் போன் செய்ததைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இப்போதைக்கு வீட்டுக்குள் போய்விட்டால் போதும். ஓணத்துக்கு லீவு கிடைக்கும்போது நீ நேரில் வந்து மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசி எல்லாவற்றையும் சரி செய்துவிடுவாய். இவ்வளவுதானே? சொன்னது எல்லாம் அவள் நன்மைக்குத்தான். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது.

உன் அம்மா மறுநாளே நோயாளி ஆகிவிட்டாள். யாராவது வாசலில் வந்தால் நெஞ்சைத் தடவிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட மாதிரி இருக்கட்டும் என்று புறங்கையில் ஒரு பிளாஸ்திரி வேறு ஒட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அது வலது கையில் இருந்தது. புதன்கிழமை குளித்துவிட்டு வந்தபோது இடது கையில் இருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். தினமும் பத்து இருபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற சித்ரா, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். உன் அம்மாவும் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு அவளோடு சேர்ந்து அழுதாள். எனக்கு அப்போதுதான் நம் நாடகத்து வைத்தியர் ஞாபகத்துக்கு வந்தார்.

நம் எஸ்டேட் டிவிஷனில் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் போடும் நாடகம் உனக்கு மங்கலாகவாவது நினைவிருக்கும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டர் களத்தில் மேடை கட்டுவார்கள். இருட்டினால் யானை இறங்கிவிடும் என்பதால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். வருஷா வருஷம் ஒரே நாடகம்தான். கதையை உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூவாயி என்று ஒரு பெண். அவள் புருஷன் வேலப்பன் அரண்மனைக் காவல்காரன், கொஞ்சம் சந்தேகப் பிராணி. பூவாயியின் தம்பி செய்யாத குற்றத்துக்குப் பயந்து ஓடி வந்து, ஊருக்கு மேலே ஒரு குகையில் ஒளிந்துகொள்கிறான். புருஷனிடம் சொன்னால் அவன் கடமைப்படி பிடித்துக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் தம்பி பட்டினி. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஊர் வைத்தியரிடம் வந்து அழுகிறாள். அந்த வைத்தியர் நான்தான். வெள்ளைத் தாடியும் ஒரு மூலிகைப் பையும் கொடுப்பார்கள்.

வைத்தியர் சொல்வார்: "அஞ்சாதே தாயே. சிறிது நாள் இதை உன் நெஞ்சோடு வைத்துக்கொள். சோறு எங்கே போகிறது என்று கேட்டால், வைத்தியர் வீட்டு நோயாளிக்கு என்று சொல். நான் அரண்மனைக்குச் சென்று உன் தம்பிக்கு மன்னிப்புப் பெற்று வருகிறேன்." இந்த இடத்தில் வருஷா வருஷம் கைதட்டல் விழும். அதோடு மூன்றாம் காட்சி முடியும். எனக்கும் வேலை முடியும். தேயிலை ஃபேக்டரியில் எனக்கு அன்றைக்கு மாலை ஷிப்ட் இருக்கும். சங்கு ஊதும் சத்தம் கேட்டதும் தாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி ஓடுவேன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், வைத்தியரே, நல்ல வார்த்தை சொன்னீங்க என்பார்கள். எத்தனையோ வருஷம் அந்த வேஷம் கட்டினேன், அந்த நாடகத்தின் முடிவை ரொம்ப நாள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பூவாயி சாகிறாள் என்று தெரியும். எப்படிச் சாகிறாள் என்று நான் கேட்டதும் இல்லை.

பூவாயி வேஷம் கட்டியது உன் சேகர் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது அவன் ஒல்லியாக, மீசை அரும்பாமல், பெண் குரலில் பாடுவான். வேலப்பன் வேஷம் லாரி டிரைவர் அந்தோணிக்கு. நாடகம் முடிந்ததும் எங்கள் டிவிஷனில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் செத்தவன் செத்த வேஷத்தோடு வீட்டுக்குள் போகக் கூடாது. யாரால் செத்தானோ அவன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் முகத்தைக் கழுவ வேண்டும். பழித்தண்ணி என்பார்கள். அதைப் பார்க்காமல் யாரும் கலைய மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தோணி கண்ணில் நீர் வழியக் கொடுப்பான், சேகர் வாங்கிக் குடிப்பான், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்று உன் அம்மா சொல்வாள்.

ஒரு வருஷம் ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையர் பழுதாகி ஷிப்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தாடியைக் கழற்றிவிட்டு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு, முன்வரிசைச் சாக்கில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி நாடகம் பார்த்தேன். வேலப்பன், சோறு எங்கே போகிறது என்று கேட்கிறான். பூவாயி நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள். அவன் வைத்தியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது, நோயாளி யாரும் இல்லை. அதுவரை அவனிடம் இருந்தது வெறும் சந்தேகம். பூட்டிய கதவைப் பார்த்த பிறகு அது முடிவாகிவிட்டது. அவள் பின்னாலேயே குகைக்குப் போகிறான், உள்ளே ஒரு ஆணின் நிழலைப் பார்க்கிறான், ஈட்டியை எறிகிறான். தம்பிக்கு முன்னால் பூவாயி பாய்ந்து வந்து விழுகிறாள். இவ்வளவும் நான் ஓரளவு ஊகித்திருந்ததுதான். நான் ஊகிக்காதது, விழுந்த பிறகு அவள் பேசியது. புருஷன் தலைமாட்டில் நின்று, யார் இவன், யார் இவன் என்று கத்துகிறான். அவள் சொல்கிறாள்: "வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவருக்கு எல்லாம் தெரியும். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், வைத்தியர் சொன்னால் நம்புவீர்கள். வைத்தியரைக் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டுக்கொண்டே செத்துப் போகிறாள். நான் மேடைக்கு எதிரே கடலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடி மேடையில் ஏறிவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுதபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாடகம்தானே என்று சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. மன்னிப்பு ஓலையை யாரோ ஒரு சேவகன் கொண்டு வந்து வாசிக்கிறான், திரை விழுகிறது. வைத்தியர் அதற்கும் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தோணி வழக்கம் போல டம்ளரோடு நின்றான். சேகர் மேடையிலிருந்து இறங்கி வந்தவன், அந்தோணியைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றான். சிவப்புச் சாயம் வழிகிற சேலையோடு கையை நீட்டி, "அத்தான், இந்த வருசம் நீங்க குடுங்க" என்றான்.

களமே திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என்னல வெளையாடுத? ஈட்டிய எறிஞ்சவன் அங்க நிக்கான், என்கிட்ட வார?" என்று கேட்டேன்.

"எறிஞ்சவன் கடைசி வரைக்கும் எங்கூட நின்னான் அத்தான். அவன் பழி அவனுக்கு, அத நான் எடுக்கல. நீங்க ஒரு பொய்யக் கையில குடுத்துட்டுப் போயிட்டீக. அதுக்கப்புறம் வருசா வருசம் நான் ஒத்தையில அதச் சொல்லிச் சொல்லித்தான் சாவுறேன். ஒரு தடவயாச்சும் பக்கத்துல நின்னீகளா?"

நான் கொடுக்கவில்லை. உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தோணிதான் கடைசியில் கொடுத்தானாம். சேகர் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்தினான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்தச் சமயம் அவனுக்குப் பார்த்த பெண்ணை நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பழி வாங்குகிறான் என்று கணக்குப் போட்டேன். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு ஆளாக யோசித்தேன். உன் அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன், அதற்கு அவள் இரண்டு நாள் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை. சேகரோடு அடுத்த திருவிழா வரை பேசவே இல்லை.

எனக்கு ஆறவில்லை. அந்த நாடகத்தை எழுதியவர் எங்கள் பழைய சூப்பர்வைசர் ஞானமுத்து. வேலையை விட்டபின் வட்டவடையில் மகளோடு இருந்தார், பூண்டும் காரட்டும் போட்டுக்கொண்டு. ஜீப் பிடித்துப் போய் அவர் தோட்டத்து வரப்பில் நின்று கேட்டேன்: "ஒரு ஞாயம் சொல்லுங்க. வைத்தியர நல்லவனா எழுதுனீகளா, கெட்டவனா எழுதுனீகளா?"

அவர் பூண்டைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லவன்தான்யா. கெட்டவன் சொல்லிருந்தா அவ கேட்டிருப்பாளா?"

"அப்போ கடைசி சீன்ல அவன ஏன் காணோம்? அவ அந்தக் கத்து கத்துதாளே!"

மனிதர் நிமிர்ந்து என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் மொதல்ல வைத்தியன் ஓலையோட ஓடி வார மாதிரித்தான்யா எழுதுனேன். நீதான சங்கு ஊதுனா ட்யூட்டிக்குப் போவணும்னு சொன்ன? ஒனக்காகத்தான் சேவகன வச்சு மாத்துனேன். ஆள் இல்லாததுனால அவளக் கூப்பிட மட்டும் விட்டேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் திரும்பினேன். ஆனால் ஜீப்பில் வரும் வழியெல்லாம் அது என்னைக் குடைந்தது. அந்த வைத்தியர் கதைப்படி பெரிய காரியத்துக்காகத்தான் அரண்மனைக்குப் போயிருந்தார். பார்க்கிற ஜனம் அப்படித்தான் நம்பியது. ஆனால் உண்மையில் அவர் வராமல் போனது எனக்கு ட்யூட்டி இருந்ததால். அதற்குப் பிறகு, நல்ல யோசனை சொல்கிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது, இந்த ஆளுக்கு எத்தனை மணிக்கு ட்யூட்டி என்பதைத்தான்.

உனக்கும் ஷிப்ட் இருக்கிறது. உன் கஞ்சிக்கோடு கம்பெனி லீவு தராது, ஓணம் வரை அசைய முடியாது என்றாய். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ லீவு கேட்டுப் பார்த்தாயா என்பதில் எனக்குச் சந்தேகம். அதை ஒருவரிடம் விசாரித்தும் விட்டேன். "ஏனுங்க மாமா, யோசன சொல்றதுல அவுரு கெட்டிங்க. கூட வாங்கன்னு கூப்புட்டாத்தானுங்க லீவு இல்லம்பாரு. இன்னும் கேக்கவே இல்லீங்க" என்று பதில் வந்தது. இதைச் சொன்னது யார் என்று துருவாதே. உன் வீட்டில் உன்னைத் தவிர இருப்பது ஒரே ஆள்தான், அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பும் இல்லை.

இப்போது, என்னை மாதிரி ஒருவனுக்கு நீ சொன்ன பொய்யைக் கொடுத்துப் பார். அடிமாலி ஆஸ்பத்திரியா? எந்த வார்டு? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே? மாத்திரை என்ன கொடுத்தார்கள்? அங்கே என் சிநேகிதன் ஒருவன் வேலை பார்க்கிறான், கேட்கட்டுமா? நான் கேட்பேன். மாப்பிள்ளையும் கேட்பார். லேப் முதலாளிக்கே போன் போட்டவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட எவ்வளவு நேரம் ஆகும்? இதுவரை அவர் கையில் எதுவும் இல்லை. அவர் மறைந்து நின்று பார்த்த ஒவ்வொரு நாளும் அவள் சொன்ன பஸ்ஸில், சொன்ன நேரத்தில்தான் வந்து இறங்கியிருக்கிறாள். அவள் பக்கம் இருக்கிற ஒரே பலம் அதுதான். நீ என்ன செய்கிறாய் என்றால், அவர் இத்தனை நாள் தேடியும் கிடைக்காத ஒரு பொய்யை நம் வீட்டிலேயே தயார் செய்து, அவள் கையில் கொடுத்து அனுப்புகிறாய். அது பிடிபடும் நாளில் அவள் என்ன சொல்வாள்? அண்ணன்தான் சொல்லச் சொன்னான், அண்ணனைக் கேளுங்கள் என்பாள். அண்ணன் கஞ்சிக்கோட்டில் மெஷின் சத்தத்தில் நிற்பான், போன் லாக்கரில் கிடக்கும்.

வைத்தியர் மேல் பழி உண்டா இல்லையா என்று நான் இன்னும் முடிவுக்கு வந்துவிடவில்லை. ஈட்டியை எறிந்தவன் வேலப்பன். அவன் எறியாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. யோசனை சொன்னவனைத் திட்டித் திட்டி எறிந்தவனைத் தப்ப விடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அவர்களையும் நம்பாதே. நாளைக்கு ஏதாவது ஆனால் குற்றம் மாப்பிள்ளையுடையதுதான், அதை யார் தலையிலும் மாற்றி வைக்க முடியாது. ஆனால் வைத்தியரின் வசனம் முழுவதும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். போன வாரம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அந்த நல்ல மனிதர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. உன் புருஷன் எப்படிப்பட்டவன், பொய் உனக்கு வருமா, உனக்கு என்ன வேண்டும், எதுவும் இல்லை. அழுகிறாள், உடனே யோசனை. நீ சித்ராவிடம் பேசியதையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு கேள்வியும் இல்லை, தம்பி. நானும் அதுவரை கேட்கவில்லை. சரியாகச் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ என்னம்மா நெனைக்க? போணுமா, வேண்டாமா?" என்றேன். கை நின்றுவிட்டது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் போல என்னைப் பார்த்தாள்.

"அந்த வீடு வேண்டாம்னு இல்லப்பா. அவரு மேல எனக்குப் பாசமும் இருக்கு. ஆனா பொய் சொல்லித்தான் உள்ள போணும்னா வேண்டாம். ஒரு பொய்யச் சொல்லிட்டா, அப்புறம் அவரு சந்தேகப்படுதது ஞாயம்னு ஆயிரும்ல? லேபுக்குப் போன் போட்டதுனாலதான் வந்தேன், இனி ஒருக்கா போட்டா வந்துருவேன், திரும்ப மாட்டேன். இத அவரு மொகத்தப் பாத்துச் சொல்லணும். சொல்லும்போது நம்ம ஆளுக யாராச்சும் பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

"அண்ணன் சொன்னது?" என்று கேட்டேன்.

"அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவனுக்கு மனசு சங்கடப்படும்னுதான் சரின்னேன்" என்றாள்.

புரிகிறதா? உன் மனது நோகக் கூடாது என்பதற்காக அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு குமுளி வரை போக இருந்தாள். பூவாயியும் அப்படித்தான் நினைத்திருப்பாளோ என்னவோ. உன் அம்மாவுக்கு வராத நெஞ்சு வலி எனக்கு வந்துவிடும் போல இருந்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் சித்ராவும் குமுளிக்குப் போகிறோம். உண்மையை அவளே சொல்வாள், நான் வாயைத் திறக்க மாட்டேன். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டால் நல்லது. கேட்காவிட்டால் அவள் பெட்டியோடு அடுத்த பஸ்ஸில் என்னோடு திரும்புவாள். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். உண்மையைக் கேட்டும் நம்பாதவர்களை எனக்குத் தெரியும், நானே அந்த ரகம்தான். இதுவும் ஒரு யோசனைதான், இதையும் சந்தேகப்படு. ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறவன் அந்த வாசலில் நிற்கப் போகிறான். எனக்கு இப்போது ட்யூட்டி கிடையாது, சங்கு ஊதினாலும் போக வேண்டியதில்லை.

நீ வா. எர்ணாகுளம் வழியாகவோ, பொள்ளாச்சி இறங்கிக் கம்பம் வழியாகவோ, எப்படியாவது மத்தியானத்துக்குள் குமுளி பஸ் ஸ்டாண்டில் இரு. வந்து பக்குவமாகப் பேசவெல்லாம் வேண்டாம். உனக்கு நன்றாகப் பேச வரும், அதனால்தான் பேசாதே என்கிறேன். தங்கைக்குப் பக்கத்தில் நில். அவள் ஒரு வார்த்தைக்குத் திணறினால் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் சொல், நம்புகிறேன். கேட்காமலே கிடைக்கவில்லை என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

சேகர் மாமாவுக்கும் நேற்றுச் சாயங்காலம் போன் செய்தேன். சித்ரா விஷயத்தைச் சொல்லி, "நீ கேட்டது ஞாயந்தாம்ல" என்றேன். எப்போது கேட்டது என்று அவன் கேட்கவே இல்லை. "ஞாயித்துக்கெழம நானும் வாரேன் அத்தான்" என்றான். அவனுக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது, முழங்கால் வலி வேறு. இருந்தும் வருகிறான்.

பஸ்ஸில் குடிப்பதற்கு இல்லாமல் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பும் வழியில் பூப்பாறைப் பக்கம் எங்காவது இறங்கி, அதை முதலில் சேகருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அன்றைக்கு நான் கொடுக்காமல் வந்த தண்ணீர் அது. உன் தங்கைக்கு அப்படி ஒரு தண்ணீர் கொடுக்கும் நாள் உனக்கு வரவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் தேடப் போவது உன்னைத்தான்.

உன் அப்பா